பழைய நாற்காலிக்கு உரிய விலை

1950-களில் சண்டிகர் நகரம் உருவானபோது, அதன் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய நாற்காலிகளையும் மேசைகளையும் பியர் ஜான்னரே தலைமையிலான குழுவினர் வடிவமைத்தனர். தேக்கும் பிரம்பும் கொண்டு இந்தியத் தச்சர்கள் அவற்றைச் செய்தனர். காலப்போக்கில் அவை பழுதுற்றுக் கிடங்குகளில் குவிந்தன. கழிவுப் பொருள்களாக அற்ப விலைக்கு ஏலம் போயின. வாங்கிச் சென்ற வணிகர்கள் அவற்றைச் செப்பனிட்டு, வெளிநாட்டு ஏலங்களில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அத்தகைய விற்பனைக்குத் தடை விதித்தபோது, பல பொருள்கள் கடல் கடந்துவிட்டிருந்தன.

விற்றவர்கள் இழந்ததற்குக் காரணம், தம் பொருள் இன்னதென்று அறியாமையே. திருப்பதியிலோ சித்தூரிலோ பூர்வீக வீட்டைக் காலி செய்யும் நம் வாடிக்கையாளருக்கும் இது பொருந்தும். விற்குமுன் கருத வேண்டியவை வருமாறு:

1. அடையாளம் காண்க. இருக்கையின் அடிப்பகுதி, இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றில் செய்தவர் முத்திரையோ எண்ணோ உள்ளதா என நோக்குக. சண்டிகர் நாற்காலிகளில் அலுவலகத்தார் வண்ணத்தால் எழுதிய எண்களே இன்று சான்றாக மதிக்கப்படுகின்றன.

2. புதுப்பிக்க விரையாதீர். மேற்பூச்சைச் சுரண்டி மெருகேற்றினால், பழமைக்குரிய மதிப்பு குன்றும். தூசி துடைத்தல் போதும்.

3. விலையை ஒப்பிடுக. விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. பின்னதையே கொள்க. வாங்க விரும்புபவரே மதிப்பீட்டாளராயிருத்தல் நன்றன்று. குறைந்தது மூவரிடம் கேட்டறிக.

4. ஏலத்துக்கு அளித்தால், குறைந்தபட்ச விலை, தரகு, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றை எழுத்தில் பெறுக.

5. சட்டத்தை அறிக. செம்மரப் பொருளாயின், விற்கும் முன்பும் எடுத்துச் செல்லும் முன்பும் வனத்துறையை அணுகுக. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது.

6. தொகையை வங்கிக் கணக்கின் வழியே பெறுக. ரூ. 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் மோசடிக்காரரே. தொகை கணக்கில் வந்ததை நேரில் சரிபார்த்த பின்னரே பொருளை ஒப்படைக்க.

பொருளின் வரலாற்றை அறிந்தவரே அதன் விலையைத் தாமே சொல்ல வல்லார். ஆகவே, பழைய இரசீதையும் நிழற்படத்தையும் இன்றே தேடி எடுத்து வைப்பீராக.