நாணயமே கைம்முதல்

வாணிபத்திற்குப் பணமே கைம்முதல் என்பர் பலர். வாங்குவோர் ஏறிப் பார்க்கவியலாத வேலையில் நாணயமே கைம்முதல் என்பதனைக் கூரை துப்புரவு செய்யும் தொழிலைக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடுகள் பலவற்றிற்கு மணற்பரல் பதித்த தார்த்தகடுகளே கூரை. ப்ளாரிடா முதலிய ஈரமிக்க மாகாணங்களில் ‘க்ளியோகாப்ஸா மாக்மா’ என்னும் நுண்ணுயிர் அவற்றிற் படர்ந்து கருங்கோடுகளை உண்டாக்குகின்றது. கூரையே பழுதாயிற்றென வீட்டார் அஞ்சுவர். அவ்வச்சத்தையே விலையாக்குவோரும் உளர். விசைநீர் பாய்ச்சின் கறை விரைவில் நீங்கும். ஆனால் தகட்டை வெயிலினின்று காக்கும் பரல்களும் உடன் உதிரும். அந்நட்டம் அன்றைக்குத் தோன்றாது. கூலி வாங்கியவன் போனபின்னரே தோன்றும்.

நாணயமுடையோன் செய்வது யாது? ‘இது கறையே, இதனாற் கூரை மாற்றவேண்டுவதில்லை’ என்று முதற்கண் உரைப்பான். சலவைக்குரிய குளோரின் நீரையும் தண்ணீரையும் சம அளவிற் கலந்து தெளித்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மெல்லக் கழுவுவான். அந்நாட்டுத் தார்த்தகடு செய்வோர் சங்கம் கூறும் முறையும் இதுவே. கீழுள்ள செடிகளை முன்னரே நனைத்து மூடிவைப்பான். கூலி இவ்வளவென்பதையும், கறை மீண்டும் வரக்கூடும் என்பதையும் எழுதிக் கொடுப்பான்.

இங்ஙனம் உரைப்பவன் சில வேலைகளை இழத்தலும் கூடும். ஆயினும், அவன் கைபட்ட வீட்டார் அண்டை வீட்டார்க்கு அவன் பெயரைக் கூறுவர். அதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை.

நாம் எத்தொழிலிற் புகினும், பிறர் ஏறிப் பாராத கூரையொன்று நம்மிடம் ஒப்படைக்கப்படும் என்பதை மறவாதிருப்போமாக.