வங்கியில் இரண்டு வாரம்

வங்கி ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் இரண்டு வாரப் பயிற்சி கிடைத்திருக்கிறது. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு வங்கி பற்றி எதுவும் தெரியாது. கோடிங் தருவார்களா? என்ன படித்துவிட்டுப் போகலாம்?
- பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவி, திருப்பூர்

கோடிங் பெரும்பாலும் கிடைக்காது. நிஜக் கணக்குகள் உள்ள சர்வரைப் பயிற்சி மாணவியிடம் விடும் வங்கியில் நான் பணம் போடமாட்டேன்! சோதனை சர்வரில், பொய்க் கணக்குகளை வைத்து டெஸ்டிங் தருவார்கள். எஸ்க்யூஎல் போதும், செலக்ட், ஜாயின், குரூப் பை மூன்றும் கை பழகட்டும்.

வங்கி தெரியாது என்பதை நம்பமாட்டேன். அப்பாவின் சனிக்கிழமை சம்பளம் தெரியுமே! கம்பெனி சம்பளப் பட்டியலை எக்செல் ஃபைலாக வங்கிக்கு அனுப்புகிறது. ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட்டில், பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்த்து அல்ல. ஓர் இலக்கம் மாறி, அப்படியொரு கணக்கு இல்லாவிட்டால் பணம் திரும்பிவிடும். இருந்துவிட்டால், முகம் தெரியாத ஒருவருக்கு அந்த வாரம் போனஸ். அனுப்புமுன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது இதைத் தடுக்கத்தான். ‘மொத்தமாக அனுப்பும் ஃபைலுக்கும் இது உண்டா சார்?’ என்று முதல் நாளே கேளுங்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சம்பளம் வெளியே போகும் பணம். உள்ளே வரும் பனியன் ஏற்றுமதி டாலருக்கான தகவல், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வருகிறது. 2018-இல் வெளிப்பட்ட பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி அத்தனை பெரிதாக வளர, ஸ்விஃப்ட்டும், வங்கியின் கணக்குகளை வைத்திருக்கும் கோர் பேங்கிங் மென்பொருளும் இணைக்கப்படாமல் இருந்ததும் ஒரு காரணம். இன்று அந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி அறிக்கைக்காக ஸ்கிரீனை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள். படம் வேண்டுமென்றால், ஃபைல் போகும் வழியைக் கையால் வரைந்து, மேலதிகாரியிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.