தென்னையின் அடித்தண்டழுகல் நோய்

தென்னையைப் 'பிள்ளை' என்றழைப்பது தமிழர் வழக்கு. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத் தீவில் வாழையும் தென்னையும் செறிந்த தோப்புகளைக் காணாதார் நம்மில் இலர். அப்பிள்ளைக்கு நேரும் நோய்களுள் மிகக் கொடியது அடித்தண்டழுகல் ஆகும். 1952-ஆம் ஆண்டில் வீசிய புயலுக்குப் பின்னர்த் தஞ்சை ஜில்லாவில் இது கண்டறியப்பட்டமையின், தஞ்சாவூர் வாடல் நோய் எனவும் வழங்கும்.

இந்நோய்க்குக் காரணம் கேனோடெர்மா என்னும் பூஞ்சணம். அது மண்ணில் வாழ்ந்து, முதலில் வேரை அழுகச் செய்து, பின்னரே தண்டினுட் புகும். ஆதலின் நாம் வெளியே குறி காணுமுன் உள்ளே கேடு மிகுந்துவிடுகின்றது. அடிமரத்தில் வெடிப்புகளினின்று செம்பழுப்பு நிறச் சாறு கசிதல், அடிமட்டைகள் மஞ்சளித்துத் தண்டையொட்டித் தொங்குதல், குரும்பைகள் உதிர்தல் ஆகியன இதன் குறிகள். முடிவில் அடிமரத்திற் கடினமான காளான்கள் முளைக்கும். சாறு கசிவதெல்லாம் இந்நோயன்று. துளையும், அதனின்று மென்ற நார் வெளித்தள்ளியிருத்தலும் காணப்படின், அது சிவப்புக் கூன்வண்டின் வேலையென அறிக.

நோய் முற்றிய மரம் பிழைப்பதரிது. வளர்த்த கையால் வெட்ட மனம் ஒவ்வாது பலர் அதனை விட்டுவைப்பர். அவ்விரக்கமே அண்டை மரங்களுக்குக் கூற்றாகின்றது. பூஞ்சணம் வேர் வழியாகவும், மரத்துக்கு மரம் பாயும் நீர் வழியாகவும் பரவுமன்றோ? எனவே அத்தகைய மரத்தை வேரோடும் அடிக்கட்டையோடும் அகழ்ந்தெடுத்து எரித்தல் வேண்டும்.

நோய் தொடங்கிய மரத்தைச் சுற்றி நான்கடி தள்ளி, இரண்டடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள பள்ளம் வெட்டிப் பிரித்தல் நன்று. ஒவ்வொரு மரத்திற்கும் தனிப்பாத்தி கட்டி நீர் பாய்ச்சுக. ஆண்டிற்கு ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுக. நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள போர்டோ கலவையில் 40 லிட்டரை, மூன்று மாதத்திற்கொருமுறையாக மும்முறை வேர்ப்பகுதி நனைய ஊற்றுக. இக்கலவைக்கு 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் நீரிலும், அதே எடைச் சுண்ணாம்பை வேறு 20 லிட்டர் நீரிலும், உலோகமல்லாத பாத்திரங்களிற் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரிற் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதனுள் தோய்க்க, செம்பு படியுமாயின் சுண்ணாம்பு போதாதென்பது பெறப்படும்.

தென்னைக்கிடையே வாழை பயிரிடுதலும் இந்நோயைக் குறைக்குமென ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் ஊரார் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கம் இதற்கு உதவுதல் மகிழ்ச்சிக்குரியது.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தோப்பினுட் புகுந்து, இளநீரை நாடி மேலே நோக்குமுன் அடிமரத்தைச் சிறிது குனிந்து நோக்குவீராக. உரிய காலத்திற் கண்ட ஒரு கசிவு ஒரு தோப்பையே காக்கும்.