கரும்பலகையும் பதிவேடும்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் கணினியில், எந்த இயக்க அமைப்பைத் தொடங்குவது என்ற பட்டியலைப் பொதுவாகக் காட்டுவது ‘கிரப்’. அங்கே ‘சி’ விசையை அழுத்தினால் கட்டளைத் திரை வரும்.

கோட்டைப்பட்டினத்தில் பதினோராம் வகுப்புக்கு மாறி, நினைவகம் நடத்தும்போது இதைச் செய்து காட்டுகிறேன். ‘செட் கிளாஸ்=11’ எனத் தந்து கணினியை மறுபடி தொடங்கினால் மதிப்பு இருக்காது; அது கரும்பலகை எழுத்து. மீண்டும் மதிப்பைத் தந்து ‘சேவ்_என்வ் கிளாஸ்’ என்றால், 1024 பைட் அளவுள்ள ‘கிரப்என்வ்’ கோப்பில் பதியும், அது பதிவேடு. அடுத்த முறை ‘லிஸ்ட்_என்வ்’ அதைக் காட்டும்.

கடைசித் தேர்வை நினைவில் வைக்கும்படி அமைத்த கணினியில், அத்தேர்வும் ‘சேவ்ட்_என்ட்ரி’ என்று இங்கேதான் இருக்கும். வேறு இயக்க அமைப்பு திறந்தால் மாணவர் முதலில் இதைப் பார்க்கட்டும். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்து கோப்புகளை இழக்க வேண்டாம்.