மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் மருந்து
ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள மூத்தோருக்கான கையேடு

நள்ளிரவில் இருமல் வந்து எழுந்து உட்கார்கிறீர்கள். நெஞ்சு இறுகுகிறது. மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கிறது. தலைமாட்டில் உள்ள நீல நிற இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்ததும் சில நிமிடங்களில் மூச்சு சீராகிவிடுகிறது. காலையில் வழக்கம்போல் சந்தைக்குப் போய் வருகிறீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் இப்படி நடந்தாலும், "நீல மருந்துதான் கைவசம் இருக்கிறதே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறீர்களா? அப்படியானால் இந்தக் கையேட்டை நிதானமாகப் படியுங்கள்.

நீல மருந்து என்ன செய்கிறது?

ஆஸ்துமாவில் இரண்டு பிரச்சினைகள் உள்ளன. மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சளி சுரக்கிறது. இது மெதுவாக, நாள்தோறும் நடப்பது. அந்த வீங்கிய குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் திடீரென இறுகுவது இரண்டாவது. ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தூசிப்பூச்சி, பூஞ்சை, கரப்பான்பூச்சி, பூனை நாய் முடி போன்றவை இந்த வீக்கத்தைத் தூண்டுகின்றன.

நீல இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால். அது இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்யும். சுமார் 4 மணி நேரம் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. குழாய் கசிந்து தரை ஈரமாகிறது என்றால், தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போன்றது இது. கசிவை அடைக்க வேறொரு மருந்து தேவை. அதனால்தான் 2019இலிருந்து அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டிகள், பெரியவர்கள் நீல மருந்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று கூறுகின்றன.

"தடுப்பு மருந்து" என்ற சொல்

வீக்கத்தைக் குறைக்கும் இன்ஹேலரைத் தமிழில் "தடுப்பு மருந்து" என்று எழுதுவது வழக்கம். இந்தச் சொல் சிலரைக் குழப்புகிறது. தடுப்பூசியைப் போல ஒருமுறை எடுத்தால் போதும் என்றோ, நோய் வரப்போவதாகத் தோன்றும்போது எடுத்தால் போதும் என்றோ நினைத்துவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கையேட்டில் அதைத் "தினசரி மருந்து" என்றே அழைக்கிறோம். காலை, மாலை என மருத்துவர் சொன்னபடி, மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டிய மருந்து அது. அதன் பலன் உடனே தெரியாது. சில நாள்களில் தொடங்கி, முழுப் பலன் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

ஒரே இன்ஹேலரில் இரண்டு மருந்து

பலருக்கு மருத்துவர் கூட்டு இன்ஹேலர் கொடுப்பார். அதில் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும், தசையை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். இவற்றில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. புடசோனைட், ஃபார்மோட்டரால் சேர்ந்த இன்ஹேலரைச் சிலருக்குத் தினமும் எடுக்கவும், மூச்சுத் திணறும்போது கூடுதலாக எடுக்கவும் மருத்துவர் சொல்லலாம். ஃப்ளூட்டிகசோன், சால்மெட்டரால் சேர்ந்ததை அப்படி அவசரத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலர் உங்களுடையதைப் போலவே இருக்கலாம். அவருக்குச் சொன்ன முறை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். "திணறும்போது நான் எதை எடுக்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை இன்ஹேலர் பெட்டியின் மீதே தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமையால் மூக்கடைப்பும் தும்மலும் இருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தும் கொடுக்கப்படலாம். மூக்கைக் கவனித்தால் நெஞ்சும் தேறும். இரண்டும் ஒரே பாதைதான். மாண்டெலுகாஸ்ட் என்ற இரவு மாத்திரை சிலருக்கு உதவும். அதை எடுக்கத் தொடங்கிய பிறகு கெட்ட கனவு, மனச்சோர்வு, எரிச்சல் போன்ற மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தும்மலுக்குக் கடையில் வாங்கும் பழைய வகை மாத்திரைகள், குறிப்பாகக் குளோர்ஃபெனிரமின், மூத்தோருக்குத் தூக்கக் கலக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரலாம். கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தும்மலைவிட அது பெரிய தொல்லை. தூக்கம் வரவழைக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

"ஸ்டீராய்டு வேண்டாம்" என்பவர்களுக்கு

இந்தப் பயம் நியாயமானதே. தினசரி மருந்தில் ஸ்டீராய்டு உள்ளது. ஆனால் கடுமையான ஆஸ்துமாவுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை 30, 40 மில்லிகிராம் என்ற அளவில் உடல் முழுவதும் பரவுகிறது. இன்ஹேலரில் ஒருமுறை இழுப்பது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம் அளவில்தான். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. தினசரி மருந்தை விட்டவர்களே மூச்சுத் திணறல் முற்றி, அந்தப் பெரிய அளவு மாத்திரையை அடிக்கடி விழுங்க நேரிடுகிறது.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டோம். குரல் கரகரக்கலாம், வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். ஒவ்வொரு முறையும் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். பொய்ப்பல் அணிபவர்கள் அதையும் கழற்றிக் கழுவுங்கள். அதிக அளவை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் எலும்பும் கண்ணும் பாதிக்கப்படலாம். எனவே நோய் சில மாதங்கள் கட்டுக்குள் இருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். அந்த முடிவை அவரிடம் விடுங்கள்.

கை நடுங்கினால்

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லை என்றால், அது நெஞ்சுக்குள் போகாமல் தொண்டையிலேயே தங்கியிருக்கலாம். அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். மூட்டுவலியோ கை நடுக்கமோ உள்ளவர்களுக்கு இது எளிதல்ல. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை இன்ஹேலரில் பொருத்தினால், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய வேண்டியதில்லை. அது குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். தூள் வகை இன்ஹேலருக்கு முறை வேறு: அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

120 முறை இழுக்கக்கூடிய இன்ஹேலரைக் காலையில் 2, மாலையில் 2 என எடுத்தால் 30 நாளில் தீர்ந்துவிடும். மூன்று மாதமாகியும் தீரவில்லை என்றால், எத்தனை நாள் மறந்தீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

மற்ற மருந்துகள்

இது பலரும் சொல்ல மறப்பது. இதயத்திற்கும் ரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் புரொப்பிரனொலால் போன்ற மாத்திரைகளும், கண் அழுத்தத்திற்கான டிமொலால் சொட்டு மருந்தும் ஆஸ்துமாவைத் தூண்டலாம். கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை எப்படிப் பாதிக்கும் என்று தோன்றும். ஆனால் அது ரத்தத்தில் கலக்கிறது. சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகளும் ஒத்துக்கொள்வதில்லை. எதையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்துமா இருப்பதை இதய மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

வீட்டில்

தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சி சாகும். சாமி அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் வேண்டாம் என்று சொல்வது எளிது, கேட்பவருக்குக் கடினம். எண்ணெய் விளக்கோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேறொருவரை ஏற்றச் சொல்லி, சன்னலைத் திறந்துவைத்து, புகை அடங்கிய பிறகு உள்ளே போங்கள். புகைமூட்டக் காலத்தில், பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரை, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே செல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

நிவாரணத்திற்கான நீல மருந்து வாரத்தில் 2 முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இரவில் மூச்சுத் திணறலால் விழித்தாலோ ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள். வயதான காலத்தில் மூச்சு வாங்குவது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். கால் வீங்கினாலோ படுத்தால் திணறினாலோ அதையும் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், மருந்து எடுத்தும் மூச்சு சீராகாவிட்டால் உடனே 995ஐ அழையுங்கள். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் செயல்திட்டத்தில் எழுதியுள்ளபடி மருந்தை எடுத்துக்கொண்டிருங்கள். அப்படி எழுதிய திட்டம் உங்களிடம் இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயங்க வேண்டாம்.

ஆஸ்துமா நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளதால், சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். சாஸ், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை இருந்தால் கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கண் சொட்டு, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தாளர் முன்னிலையில் இன்ஹேலரை ஒருமுறை இழுத்துக் காட்டி, "நான் செய்வது சரியா?" என்று கேளுங்கள்.