அம்பாசிடரின் பின்புறத் தகடு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் மகிழுந்தின் உற்பத்தி 2014இல் நின்றது. இன்றும் அதனைப் பேணுவோர் சிலர், துரு தின்ற பின்புறத் தகட்டை வீட்டிலேயே மாற்றுகின்றனர். பட்டி தடவி வண்ணம் பூசினால் துரு மறையுமேயன்றி நீங்காது, உள்ளே பரவிக்கொண்டேயிருக்கும்.

முதலில் மின்கல இணைப்பைத் துண்டிப்பர். பற்றவைக்கும்போது தெறிக்கும் பொறியால் எரிபொருள் ஆவி தீப்பற்றக்கூடும். ஆதலால் எரிபொருள் தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைப்பர். பின்னர், நல்ல இரும்பு தென்படும்வரை துருவேறிய பகுதியை வெட்டி நீக்குவர். புதிய தகட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி, டிக்கிக் கதவு சரியாக மூடுகிறதா எனப் பார்ப்பர். ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் தகடு நெளியும். எனவே இடம்விட்டு இடம் புள்ளிபுள்ளியாகப் பற்றவைப்பர். இறுதியில் துருத்தடுப்புப் பூச்சு பூசுவர்.

சிந்தித்து எழுதுக: குறையை மறைத்தல், குறையைக் களைதல் – இவற்றின் வேறுபாடு யாது?