எல்லா அனுமதியும் ஒரே ஆள் பெயரில்!

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் செலவுக் கணக்கு மென்பொருளை ஏ.எஸ்.பி.நெட் கோரில் எழுதி, ஐ.ஐ.எஸ். சர்வரில் ஓட்டுகிறோம். பில்லுக்கு எந்த மேலாளர் அனுமதி கொடுத்தாலும் பதிவேட்டில் ஒரே ஒருவரின் பெயர்தான் விழுகிறது. மறுநாள் பார்த்தால் வேறொருவர் பெயர். அன்று முழுக்க அவர்தான். கூட்டம் சேரும் நேரத்தில், டிபி கான்டெக்ஸ்டில் முந்தைய வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிட்டதாக எர்ரர் வருகிறது. மெமரியும் ஏறிக்கொண்டே போகிறது. என் லேப்டாப்பில் இதில் ஒன்றுகூட வருவதில்லை. அங்கே என்விரான்மென்ட் பெயர் ‘லோக்கல்’, சோதனை சர்வரில் ‘யூ.ஏ.டி.’, நிஜ சர்வரில் ‘ப்ராட்’. டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷனில்தான் கோளாறு என்று தோன்றுகிறது. டிபி கான்டெக்ஸ்டை டிரான்சியன்ட் ஆக்கிவிடலாம் என்கிறார் டீம் லீட். செய்யலாமா?
— வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைக்கிற மாத்திரை.

உங்கள் சந்தேகம் சரிதான். அனுமதி கொடுக்கும் சர்வீஸை யாரோ சிங்கிள்டனாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் கன்ஸ்ட்ரக்டர் கேட்கும் டிபி கான்டெக்ஸ்டும், இப்போதைய பயனர் யார் என்று சொல்லும் கிளாஸும் ஸ்கோப்டு. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் போய்விட வேண்டியவை. ஆனால் சிங்கிள்டன் அப்ளிகேஷன் நிற்கும்வரை இருக்கும். அது கையில் பிடித்ததும் அதுவரை இருக்கும். மணி வாடகைக்கு எடுத்த சைக்கிளைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்ட கதைதான். மென்பொருள் வல்லுநர் மார்க் சீமன் 2014-இல் இதற்கு ‘கேப்டிவ் டிபெண்டென்சி’ என்று பெயர் வைத்தார்.

பெயர் தினம் மாறுவதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு. உங்கள் பயனர் கிளாஸ், பெயரைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே படித்து வைத்துக்கொள்கிறது என்று ஊகிக்கிறேன். ஐ.ஐ.எஸ். 20 நிமிடம் ஆள் வராவிட்டால் அப்ளிகேஷனைத் தூங்க வைத்துவிடும், அதுதான் டிஃபால்ட். இரவில் தூங்கியது, காலையில் முதல் மேலாளர் அனுமதிப் பக்கத்தைத் திறக்கும்போது புதிதாக எழுகிறது. சிங்கிள்டன் அப்போது உருவாகிறது, அவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அலுவலகத்துக்கு முதலில் வந்த பாவத்துக்கு அன்றைய பில்கள் எல்லாம் அவர் தலையில்! லேப்டாப்பில் நீங்கள் ஒருவர்தான் பயனர் என்பதால் எந்தப் பெயர் ஒட்டினாலும் சரியாகவே தெரியும்.

மற்ற இரண்டுக்கும் காரணம் சிக்கிக்கொண்ட டிபி கான்டெக்ஸ்ட். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதைப் பயன்படுத்தக் கூடாது. எர்ரர் அதனால் வருகிறது. படித்த ஒவ்வொரு ரெக்கார்டையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். மெமரி அதனால் ஏறுகிறது. நீங்கள் எழுதாத இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் பில் தொகையைத் திருத்திய பிறகும் அனுமதிப் பக்கத்தில் பழைய தொகையே தெரியும். ஏற்கெனவே நினைவில் இருக்கும் ரெக்கார்டை டேட்டாபேஸிலிருந்து வந்த புது மதிப்பைக் கொண்டு அது மாற்றாது.

சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்டு நுழைந்தால் ஏ.எஸ்.பி.நெட் கோரே தடுத்து நிறுத்தும். ஆனால் அந்தச் சோதனை, என்விரான்மென்ட் பெயர் ‘டெவலப்மென்ட்’ என்று இருந்தால்தான் தானாக நடக்கும். ‘லோக்கல்’ என்று நீங்கள் மாற்றியபோதே காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். பெயரை மாற்ற மனமில்லையென்றால், ப்ரோகிராம் ஃபைலில் யூஸ் டிஃபால்ட் சர்வீஸ் ப்ரொவைடர் வழியாக வேலிடேட் ஸ்கோப்ஸ், வேலிடேட் ஆன் பில்ட் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். இரண்டாவது, டாட்நெட் கோர் 3.0-இல் வந்தது. அப்ளிகேஷன் தொடங்கும்போதே பிழைகளை மொத்தமாகக் கொட்டும். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வேர் இரண்டு மூன்று இடத்தில்தான் இருக்கும். ஆனால் இந்தச் சோதனை கன்ட்ரோலர்களின் கன்ஸ்ட்ரக்டரைப் பார்க்காது. அவை கன்டெய்னரில் பதிவாவதில்லை. ஆட் கன்ட்ரோலர்ஸ் ஆஸ் சர்வீசஸ் சேர்த்தால் அவையும் சிக்கும்.

டீம் லீட் சொல்வதற்கு வருகிறேன். டிபி கான்டெக்ஸ்டை அதன் ஆப்ஷன்ஸோடு சேர்த்து டிரான்சியன்ட் ஆக்கினால் அதைப் பற்றிக் காவலாளி வாயை மூடிக்கொள்வான். டிரான்சியன்டை சிங்கிள்டன் பிடித்து வைத்தால் அவன் கேட்பதே இல்லை. சிறைப்பட்டது சிறைப்பட்டதாகவே இருக்கும். அதற்கான எச்சரிக்கை மட்டும் போய்விடும்.

மாற்ற வேண்டியது அனுமதி சர்வீஸை. அதை ஸ்கோப்டு ஆக்குங்கள். ‘வேகத்துக்காக சிங்கிள்டன்’ என்று யாராவது வாதாடினால் ஏற்காதீர்கள்; ஒரு சாதாரண ஆப்ஜெக்டை உருவாக்கும் செலவு, டேட்டாபேஸுக்கு ஒருமுறை போய்வரும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. கேஷ் வேண்டுமென்றால் மெமரி கேஷில் வையுங்கள். அது சிங்கிள்டனாக இருக்கவே எழுதப்பட்டது. மிடில்வேர் இருந்தால் ஸ்கோப்டு சர்வீஸைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்காமல் இன்வோக் மெத்தடில் வாங்குங்கள். பின்னணியில் ஓடும் பேக்கிரவுண்ட் சர்வீஸ் சிங்கிள்டனாகத்தான் இருக்க முடியும். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஸ்கோப் ஃபேக்டரியிடம் புது ஸ்கோப் வாங்கி, முடிந்ததும் டிஸ்போஸ் செய்ய வேண்டும். அங்கே ரிக்வெஸ்டும் இல்லை, பயனரும் இல்லை. யார் பெயரில் எழுத வேண்டும் என்பதை வெளியிலிருந்து அனுப்பியாக வேண்டும்.

கோடைத் திருத்தினாலும் பதிவேட்டில் ஏற்கெனவே விழுந்த தவறான பெயர்கள் திருந்தாது. ஐ.ஐ.எஸ். லாகில் நேரமும், உங்கள் லாகின் முறை விண்டோஸ் வழியென்றால் பயனர் பெயரும் இருக்கும். அதோடு ஒவ்வொரு அனுமதியையும் ஒப்பிட வேண்டும். பழைய லாக் அழிந்துபோகுமுன் நகல் எடுத்துவையுங்கள். கணக்குத் துறைக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தான் தராத அனுமதிக்கு ஒரு மேலாளர் தணிக்கையில் பதில் சொல்லும் நிலை வரக்கூடாது.